ஏழாவது மேட்டு மணி

மணி இன்னும் அடிக்கல. இந்நேரம் அடிச்சிருக்கணும், நானும் என் பந்தை மேட்டுக்கு மேல தூக்கி அடிச்சுட்டு நடையைக் கட்டியிருக்கணும். காத்து எதிர்ப்பக்கமாப் போகுதோ, அதான் சத்தம் வரலையோ? இல்லையே, சீகை மரத்துக் கிளையெல்லாம் என்னைப் பாத்துல்லா சாயுது, காத்து அங்கிருந்துதான் வருது. அடிச்சா கேக்கும். அப்ப அடிக்கல. சரி, பறக்காத ஜெபமலர், முன்னால போன எங்க வீட்டுக்காரக எப்பவும் நிதானமாத்தான் ஆடுவாக, குழிக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை குத்த வச்சுப் பாப்பாக, அந்தப் பக்கம் போயி ஒரு தடவை குத்த வச்சுப் பாப்பாக, எந்திரிக்கும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏசுவேன்னு ஒரு முனகல், அதுக்கப்புறம்தான் பந்தைத் தட்டுவாக. அதுக்குண்டான நேரம் கொடுக்கணும்லா. கொடுத்தாச்சு. அதுக்கு மேலயும் கொடுத்தாச்சு. இடது கையில உறைக்குள்ள வேர்க்குது, இந்தக் குளிர்ல எவளுக்காவது கை வேர்க்குமா? இந்த கோல்ஃப் மைதானத்துல ஏழாவது குழி ஒரு கண்ணாமூச்சிக் குழி. நாம நின்னு அடிக்கிற மேடைக்கும் கொடி நட்டு, புல்லை ஒட்ட வெட்டியிருக்கிற கிரீனுக்கும் நடுவுல ஒரு மேடு, யானை படுத்த மாதிரி. இங்கிருந்து கொடி தெரியாது, கிரீன் தெரியாது, ஒண்ணும் தெரியாது. மேட்டு உச்சியில ஒரு வெள்ளைக் கல்லு. அதைப் பாத்து அடி, மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கிடுவார்னு விட்டுரணும். முன்னாடி போனவங்க ஆடி முடிச்சு விலகிட்டாங்களா, இல்ல அங்கேயே நின்னு மூக்கைச் சொறியறாங்களான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் மணி. எந்த வெள்ளைக்காரனோ தேயிலை பாக்டரியில இருந்து கழட்டிட்டு வந்து ரெண்டு கல்தூணுக்கு நடுவுல மாட்டினது. ஆடி முடிச்சு, கிரீனை விட்டு விலகி, கயித்தை இழுத்து அடிச்சுட்டுத்தான் எட்டாவதுக்குப் போகணும். மணி கேக்காம இந்தப் பக்கத்துல எவரும் மட்டையை ஓங்கக்கூடாது, ஓங்குனா யார் மண்டையாவது போயிரும். ஒவ்வொருத்தர் அடிக்கிறதும் ஒரு தினுசு. டாக்டர் போஜன் மாட்டை விரட்டுற மாதிரி கடகடன்னு அடிப்பாரு. அவுக ரெண்டே ரெண்டு. ஒண்ணு அடிச்சு, அது முழுசா அடங்குற வரைக்கும் நின்னு, அப்புறம் இன்னொண்ணு. கல்யாணம் கட்டி இந்த மலைக்கு வந்ததுல இருந்து கேக்கேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிருவேன் அது அவுகதான்னு. அந்த ரெண்டைத்தான் இப்பக் காணோம்.

மேடேறிப் போயி எட்டிப் பாத்தா என்னன்னு கேக்கலாம். பாக்கலாம்தான். மேடு ஒண்ணும் பெரிசு இல்ல, அவுக ரோஷம்தான் பெரிசு. கோயமுத்தூர்ல மூளை டாக்டர் ஒருத்தர் தலைக்குள்ள எடுத்த படத்தை வெளிச்சத்துல மாட்டி, இந்த இடம் சுருங்கியிருக்கு பாருங்க, இந்த இடம் பாருங்கன்னு பென்சிலால சுட்டிக் காட்டும்போது அவுக படத்தைப் பாக்கவே இல்ல, பென்சிலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. இனிமே மறதி கூடிக்கிட்டேதான் போகும், வழி தெரியாமப் போகும், ஆளு தெரியாமப் போகும்னு அவர் சொல்லச் சொல்ல, இவுக ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் சமாச்சாரம் கேக்குற மாதிரி தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாக. கார்ல திரும்பி வரும்போது பர்லியாறு தாண்டித்தான் வாயைத் திறந்தாக. நாளைக்கு ஆடப் போவேன், தனியாப் போவேன்னாக. அவ்வளவுதான். எஸ்டேட் மேனேஜரா இருந்த மனுஷன், ஞானசிகாமணி சார் வாராருன்னா பாக்டரியே எந்திரிச்சு நிக்கும். பையைத் தூக்க ஒரு ஆளு கூட அனுப்பினா, எனக்கு என்ன காவலான்னு திருப்பி அனுப்பிருவாக. அதனால நான் என்ன செஞ்சேன், அவுக ஒரு குழி முன்னால போனதும் நானும் என் பையைத் தள்ளிக்கிட்டு, ஏதோ என் பாட்டுக்கு என் ஆட்டம் ஆடுற மாதிரி பின்னாலயே வாரேன். பந்து எங்க போகுதுன்னா எனக்குத் தெரியும்? என் கண்ணு முன்னால போற நீலத் தொப்பி மேலதான். எந்தக் குழியில இருந்து பாத்தாலும் அது தெரியும். தெரியாத இடம் இந்த ஒண்ணுதான். போன மாசம் இதே மாதிரி மணி வர லேட்டாச்சு, நான் அறிவுகெட்டுப் போயி மேடேறி ஓடினேன். அவுக அங்க உக்காந்து ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தாக. தொலைஞ்சு போறதுக்கு நான் என்ன பச்சப்பிள்ளையான்னு ஒரு சத்தம், எட்டாவதுல ஆடிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நான் காவலுக்கு வரல, எனக்கும் இந்த கிளப்புல பேர் இருக்கு, நானும் ஆடத்தான் வாரேன்னேன். அப்படியா, அப்ப ஆடுறவ மாதிரி மணி கேட்டுட்டு வா, இல்லன்னா வராதன்னாக. சரின்னேன். வீட்டுக்கு வந்து ராத்திரி ஒரு வாய் சாப்பிடல, சுவத்தைப் பாத்துக்கிட்டே படுத்துக்கிட்டாக. அதான் இப்ப நிக்கேன், நட்ட கம்பு மாதிரி.

பைக்குள்ள போன் உறுமுது. மக ஷைனிதான். மைதானத்துல போன் பேசக்கூடாது, அது கிளப் சட்டம், நல்ல வேளை சட்டம்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு பதிலைச் சொல்லுங்கம்மான்னா. அவ இருக்கிற பெங்களூருக்கு வெளியே புதுசா ஒரு கோல்ஃப் மைதானம், அதைச் சுத்தி வரிசையா வீடு, அதுல ஒரு வீட்டை எங்களுக்காகப் பிடிச்சு வச்சிருக்கா, இன்னிக்கு விட்டா அது வேற ஆளுக்குப் போயிரும். அப்பாவை அந்த மலையில வச்சு நீங்க தனியாப் பாக்க முடியாது, ஆட்டம் இல்லாம அப்பாவும் இருக்க மாட்டாங்க, ரெண்டும் சேந்த இடம் இது ஒண்ணுதாம்மான்னு சொல்லுதா. குறை சொல்ல முடியுமா? பெத்தவ நான் யோசிச்சதைக் காட்டிலும் நல்லா யோசிச்சிருக்கா. போயிப் பாத்தோம். பாத்தோம் என்ன, நான் ஆடியே பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு அழகு. யாரோ வெளிநாட்டுக்காரன் வரைஞ்சு கொடுத்தானாம், புல்டோசர் விட்டு மண்ணைத் தள்ளி, மேடு வேணுங்கிற இடத்துல மேடு, ஏரி வேணுங்கிற இடத்துல ஏரி. மணல் குழிக்குள்ள கொட்டியிருக்கிற மணல் வறுக்காத ரவை மாதிரி, அள்ளிட்டு வந்து உப்புமா கிண்டலாம் போல இருந்துச்சு. ஒவ்வொரு மேடையிலயும் பலகை, படம், அம்புக்குறி. உக்காந்து போற வண்டியில ஒரு திரை, அதுல நாம நிக்கிற இடத்துல ஒரு புள்ளி மின்னும், கொடி எவ்வளவு தூரம்னு அதுவே சொல்லிரும். பொம்பளைகளுக்குன்னு தனி மேடை, சமமா, ஒழுங்கா, இவளும் ஆடத்தான் வந்திருக்கான்னு மனசாரப் போட்ட மேடை. நல்லா அடிச்சா நல்லது நடக்குது, தப்பா அடிச்சா தண்டனை கிடைக்குது, எங்க போனாலும் கொடி தெரியுது, ஒளிவு மறைவு கிடையாது. இங்க? இங்க நல்லா அடிச்ச பந்து மாட்டுக் குளம்பு பதிஞ்ச பள்ளத்துல போயி உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்து முறைக்கும், கேவலமா அடிச்சது பாறையில பட்டுக் குழிக்குப் பக்கத்துல வந்து நிக்கும். எப்படி இருக்கு அத்தைன்னு மருமகன் கேட்டாரு. ரொம்ப நல்லா இருக்கு தம்பின்னேன். பொய் இல்ல, வாயாரச் சொன்னேன், சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தா அவுக வண்டியில உக்காந்துக்கிட்டு அந்தத் திரையையே பாத்துக்கிட்டு இருக்காக.

அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டி, இது யாருன்னு கேட்டாக. நாமதாங்கன்னேன். நாமளான்னாக. அதுக்கப்புறம் அவுக மைதானத்தைப் பாக்கவே இல்ல, அந்தப் புள்ளி நகருதான்னு பாத்துக்கிட்டே வந்தாக. இறங்கி நடக்கேன்னதுக்கு அங்க நின்ன ஆளு, இல்ல சார், வண்டியிலதான் போகணும், ரூல்னான். நாலாவது குழி வந்துச்சு, இது இப்ப ஆடுனதுதானேன்னாக. அஞ்சாவது வந்துச்சு, இதுவும் ஆடுனதுதானேன்னாக. நான் சிரிச்சேன், அப்புறம் பாத்தா எனக்குமே அப்படித்தான் இருந்துச்சு, இடது பக்கம் ஏரி வலது பக்கம் மணல், அடுத்ததுல வலது பக்கம் ஏரி இடது பக்கம் மணல். நமக்குப் பலகையைப் படிக்கத் தெரியுது, எண்ணைப் பாத்து வித்தியாசம் கண்டுபிடிச்சுக்கிடுதோம். அவுகளுக்குக் காலு சொல்லணும். இங்க காலு சொல்லுது. மூணாவதுல ஓடை பக்கம் வந்தா ஈரம் தெரிஞ்சு தானா இடது பக்கம் ஒதுங்குவாக, அஞ்சாவதுல கற்பூர மர வாசனை வந்ததும் தொப்பியை இறக்கி விட்டுக்கிடுவாக, அங்க காத்து அடிக்கும்னு. காலையில சாப்பிட்டது இட்லியா தோசையான்னு தெரியாத மனுஷனுக்கு ஆறாவது கிரீன் வலது பக்கம் சரியும்னு தெரியுது. வெள்ளைக்காரன்கிட்ட புல்டோசர் கிடையாது, நிலம் எப்படிக் கிடந்துச்சோ அப்படியே குழியைத் தோண்டிட்டுப் போயிட்டான், அதனால இங்க ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாது. அப்ப இதுதான் நல்லதுன்னு சொல்லிரலாமா? எங்க சொல்ல விடுது. இந்த நல்ல மைதானத்துலதான் ஞாயித்துக்கிழமை காலையில பொம்பளைகளை உள்ள விடாம இருந்தாங்க, நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து ரோட்டுல நின்னு வேலி வழியாப் பாத்திருக்கேன். பொம்பளைக மேடைன்னு இப்ப நிக்கேனே, இதைப் பாரு, முள்ளுச்செடிக்குள்ள ஒரு மூலையில, போனாப் போகுதுன்னு கொத்தி விட்டது, ஒரு காலு மேல ஒரு காலு கீழ. இந்த மைதானம் எனக்கு அப்படி என்ன செஞ்சு கிழிச்சிருச்சுன்னு நான் இதுக்கு வக்காலத்து வாங்குதேன்? கிளப்புல வாரவாரம் இதே சண்டைதான், பழைய மைதானம் உசத்தியா புது மைதானம் உசத்தியான்னு. ஒரு கூட்டம் அங்க நியாயம் இருக்குங்கும், ஒரு கூட்டம் இங்க சுவாரசியம் இருக்குங்கும். இந்த ஏழாவது மேட்டையே வெட்டி இறக்கி, கொடி தெரியுற மாதிரி புதுசாக்கணும்னு கமிட்டியில பேச்சு நடக்குது. மறந்துக்கிட்டே வர்ற ஒரு ஆளுக்கு எது நல்லதுன்னு ஒருத்தரும் பேசுறது இல்ல. நானும் கேட்டது இல்ல, கேட்டா ஏன் கேக்கேன்னு தெரிஞ்சுரும்லா.

மணி அடிக்கல. இது ஷூ கயிறு இல்ல. ஷூ கயிறுன்னா இவ்வளவு நேரம் ஆகாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கிரீன் தாண்டி ஒரு பாதை ரெண்டாப் பிரியும், ஒண்ணு எட்டாவதுக்கு, இன்னொண்ணு கீழ சதுப்புக்கு, அது வழியா சோலைக் காட்டுக்குள்ள போயிட்டா அப்புறம் ஆளைத் தேட முடியாது. அந்தச் சதுப்புலதான் போன வாரம் காட்டெருமை நின்னுச்சு, குட்டியோட. குட்டியோட நிக்கிறதுகிட்ட ஒருத்தரும் போகமாட்டாங்க, ஆனா அது காட்டெருமைன்னு ஞாபகம் இருந்தாத்தானே போகாம இருக்கிறது? பெங்களூருன்னா அங்க ஒரு வேலி, வேலியில ஒரு கேட்டு, கேட்டுல ஒரு காவல்காரன், எந்தப் பக்கம் போனாலும் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவான். ஷைனி அதை எத்தனை பெருமையாச் சொன்னா, அப்பா வெளிய போகவே முடியாதும்மான்னு. வெளிய போகவே முடியாது. அதைக் கேட்டப்ப நிம்மதியாவும் இருந்துச்சு, எந்திரிச்சு ஓடிரணும் போலவும் இருந்துச்சு, எது முதல்ல வந்துச்சுன்னு எனக்கே தெரியல. கர்த்தாவே, இந்த மஞ்சு வேற இப்பத்தான் இறங்கணுமா, வெள்ளைக் கல்லே பாதி மறைஞ்சு போச்சு. போயிரலாமா? வையட்டும், நாலு பேர் பாக்க வையட்டும், சோறு திங்காமப் படுக்கட்டும். ஆனா நான் போயி அவுக சும்மா கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா? இனி நாளைக்கு என்னைப் பின்னால வரவே விடமாட்டாக, அப்ப எல்லாக் குழியும் ஏழாவது குழி ஆயிரும். போகாம இருந்து அங்க விழுந்து கிடந்தா? நான் இங்க சட்டம் பேசிக்கிட்டு நின்னேன்னு ஷைனிகிட்ட எந்த முகத்தோட சொல்லுவேன்? ஒரு காலை எடுத்து வைக்கேன், திரும்ப எடுத்துக்கிடுதேன். இந்தக் கோணல் மேடையில ஏற்கெனவே ஒரு காலு கீழதான் இருக்கு.

பின்னால சக்கரம் உருளுற சத்தம். டாக்டர் போஜன். மாட்டு டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பக்கத்துப் படுகர் ஹட்டிக்காரரு, வெள்ளை மீசை, வெளுத்த ஸ்வெட்டர். ஆறாவது முடிச்சுட்டு வந்து, நான் இன்னும் அடிக்காம நிக்கிறதைப் பாத்து, குட்மார்னிங் மேடம்னு சொல்லிட்டு, பையை நிறுத்திட்டு, அவரும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்காரு. நல்ல மனுஷன், எதையும் கேக்க மாட்டாரு, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. சார் முன்னாடி போறாரான்னு மட்டும் கேட்டாரு. ஆமா, இப்பத்தான் போனாகன்னு நான் பொய் சொன்னேன். இந்த மேட்டை வெட்டிட்டா இந்தத் தொந்தரவு எல்லாம் இல்ல பாருங்கன்னு அவரு பேச்சை வேற பக்கம் திருப்புதாரு, என்னதான் பழைய மைதானம்னாலும் தெரியாத இடத்துக்கு அடிக்கிறது என்ன விளையாட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்புங்காரு. நியாயம்தான் டாக்டர்னு சொன்னேன். நியாயமே இல்லைன்னும் மனசுல சொன்னேன். இந்த மேடு இல்லன்னா மணி எதுக்கு? மணி இல்லன்னா அவுக இருக்காகன்னு எனக்கு எது சொல்லும்? கண்ணால பாத்தாப் போதாதா? பாத்துக்கிட்டேதானே இருக்கேன், வீட்டுல, சோபாவுல, முன்னால உக்காந்திருக்காக, நீலத் தொப்பியோட, பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ஆனா இருக்காகளான்னு தெரியல. மணி அடிச்சா தெரியுது. அந்த ரெண்டு அடிக்கு நடுவுல நிக்கிற நேரம் இருக்கு பாரு, அங்க முழு ஆளா நிக்காக. சரி, இப்படி வச்சுக்கிடுவோம். இப்ப மணி அடிச்சா இங்கேயே இருக்கோம், அடிக்கலைன்னா ஷைனிகிட்ட போயிருதோம். சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி புருஷனைக் குலுக்கிப் போடுதா பாரு, சபை ஊழியக்காரர் மக. பரவால்ல, ஆண்டவருக்கு என்னைத் தெரியும். இல்ல, வேண்டாம், இந்தப் பந்தயம் வேண்டாம், அடிக்கலைன்னா? அப்ப அடிச்சுது. ஒண்ணு. மஞ்சுக்குள்ள இருந்து, கணீர்னு. அது அடங்குற வரைக்கும் நான் மூச்சு விடல. அப்புறம் இன்னொண்ணு. பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்.

சார் அடிச்சிட்டாரு, நீங்க ஆடுங்க மேடம்னாரு டாக்டர். ஆடத்தான் போறேன், ஒரு நிமிஷம். பாத்தியா ஷைனி, உங்க அப்பா தொலையல, உங்க அப்பாவுக்கு ஞாபகம் இருக்கு, எந்தப் படத்துல எந்த இடம் சுருங்கியிருந்தா எனக்கு என்ன? பந்தை வைக்கக் குனியுதேன், பந்தைத் தாங்குற குச்சி மண்ணுல இறங்க மாட்டேங்குது, சிரிப்பு வேற வருது. திரும்ப மணி. ஒண்ணு. அடங்குது. இன்னொண்ணு. இது எதுக்கு? முதல்ல அடிச்சது எங்களுக்குக் கேக்கலைன்னு நினைச்சிருப்பாக. சரிதான், மஞ்சுல்லா. நான் குச்சியை இறக்கிட்டேன், பந்தை வச்சுட்டேன், நிமிர்ந்து நிக்கேன். திரும்ப ஒண்ணு. இன்னொண்ணு. என் சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல. டாக்டர் தன் ஷூவைப் பாத்துக்கிட்டு நிக்காரு, பாக்காத மாதிரி நிக்கிறதுக்கு அவருக்கு வேற வழி தெரியல. திரும்ப ஒண்ணு, நிதானமா, அதே நிதானம், இப்பத்தான் முதல் தடவை அடிக்கிற மாதிரி, அடங்குற வரைக்கும் நிறுத்தி, இன்னொண்ணு. அடிச்சதை மறந்து மறந்து அடிக்காக. ஐயோ ஆண்டவரே, நான் அடிக்கணும்னுதானே கேட்டேன், நிறுத்தணும்னு கேக்காம விட்டுட்டேனே. பந்தயத்துல இது எந்தப் பக்கம் சேரும்? அடிச்சது அடிச்சதுதானே? அடிச்சது தெரியாம அடிச்சா அது அடிச்சதா? பந்தைக் குனிஞ்சு எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டேன். அப்பத்தான் டாக்டர் வாயைத் திறந்தாரு.

“நீங்க போங்க மேடம். நான் இங்கேயே நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு, சார் மணி அடிச்சப்புறம் வர்றேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

பையைத் தள்ளிக்கிட்டு மேடேறும்போதும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. உச்சியில வெள்ளைக் கல்லுகிட்ட வந்து பாத்தா, கீழ கல்தூணுக்கு நடுவுல கயித்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அவுக நிக்காக. தொப்பி புல்லுல கிடக்கு. பந்து கிரீன் மேல, குழிக்குப் பக்கத்துல, போடாமலே கிடக்கு, கொடியும் அப்படியே இருக்கு. ஆட்டத்தை மறந்துட்டாக, மணியை மறக்கல. நான் இறங்கி வரவர மேட்டையேதான் பாத்துக்கிட்டு இருந்தாக, என்னைப் பாத்ததும் கயித்தை விட்டுட்டாக. திட்டுவாகன்னு நினைச்சேன், பதிலையும் நாக்கு நுனியில வச்சுக்கிட்டேன், நீங்களே மணி அடிச்சீங்க, கேட்டுட்டுத்தான் வந்தேன்னு. திட்டல. ஏங்க இத்தனை தடவை அடிச்சீங்கன்னு கேட்டேன்.

“நீ வரலையே, மலரு. மணி அடிச்சா நீ வருவ. வரல. அதான் திரும்ப அடிச்சேன்.”

 முதல் தடவை அடிச்சதும் நான் அடிச்சிருந்தா என் பந்து வந்து விழுந்திருக்கும், அவுகளும் நிறுத்தியிருப்பாக. நான் அங்க சிரிச்சுக்கிட்டும் பயந்துக்கிட்டும் நின்னப்ப, இங்க என்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாகளா? அப்ப மறதி இல்லையா? நான்தான் வீணாப் பயந்தேனா? இத்தனை நாளும் காவலுக்கு வாரேன்னு கோவப்பட்ட மனுஷன் நான் வருவேன்னு காத்துக்கிட்டுல்லா நின்னிருக்காக. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. தொப்பியை எடுத்து, புல்லைத் தட்டி, தலையில வச்சு விட்டேன். வைக்க விட்டாக. அப்புறம் மேட்டுப் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு, ரொம்பச் சாதாரணமா, ஷைனியை ஸ்கூல்ல இருந்து யாரு கூட்டிட்டு வர்றதுன்னு கேட்டாக. ஷைனிக்குத் தலை நரைச்சிருச்சு, மாசாமாசம் மை போடுதா. அவளே வீட்டுக்கு வந்துட்டான்னேன். நல்லதுன்னாக. நான் எந்தக் கேள்விக்கு அழுறது, எந்தக் கேள்விக்குச் சிரிக்கிறதுன்னு தெரியாம நிக்கேன், பைக்குள்ள போன் திரும்ப உறுமுது. சட்டமாவது மண்ணாவது. எடுத்துட்டேன். என்னம்மா முடிவு பண்ணுனீங்க, அவங்க ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னா. இப்ப வரல ஷைனின்னேன். அவ சத்தம் போடல. எது வரைக்கும்மான்னு மட்டும் கேட்டா. அப்பா ஏழாவதுல மணி அடிக்கிற வரைக்கும் இங்க இருப்போம், அடிக்காத அன்னிக்குக் கிளம்பி வந்துருதோம்னேன். சின்னதுல இந்த மணிக் கயித்துல தொங்கி அடி வாங்கினவதான் அவ, விளக்கிச் சொல்ல வேண்டியது இல்ல. 

“அடிக்காத அன்னிக்கு ரொம்ப லேட்டாயிரும்மா.”

தெரியும்னு சொல்லிட்டு வச்சுட்டேன். தெரியுமா? என்னமோ தெரிஞ்சவ மாதிரி சொல்லிட்டேன். பந்து கிடக்குங்க, போடுங்கன்னேன். ஆமால்லான்னு சொல்லி, கொடியை எடுத்து ஓரமா வச்சு, இந்தப் பக்கம் ஒரு தடவை குத்த வச்சுப் பாத்து, அந்தப் பக்கம் போயி ஒரு தடவை குத்த வச்சுப் பாத்து, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏசுவேன்னு எந்திரிச்சு, தட்டுனாக. நேரா உள்ள. எனக்குப் பெருமை தாங்கல. கொடியைத் திரும்ப நட்டு, மட்டைப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, எட்டாவதுக்குப் போற பாதையில, சதுப்புப் பக்கம் திரும்பாம, சரியா நடந்தாக. கல்தூண் வந்துச்சு. கயிறு தொங்குது. அதை ஒட்டியே போனாக, தோள்பட்டை உரசாத குறையா, போயிக்கிட்டே இருந்தாக.  திரும்பிப் பாப்பாக, இப்பப் பாப்பாகன்னு நிக்கேன். இப்பத்தான் இத்தனை தடவை அடிச்சோமேன்னு அந்தக் கணக்குல சேத்துக்கிட்டாகளோ? இருக்கும். அப்படித்தான் இருக்கும். இதை அடிக்காத நாள்னு சொல்ல முடியுமா, அடிச்சாகளே, ஊரே கேக்க அடிச்சாகளே. மேட்டுக்கு அந்தப் பக்கம் டாக்டர் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பாரு. சார் அடிச்சப்புறம் வர்றேன்னாரு. கயித்தைப் பிடிச்சேன், அவுக பிடிச்ச இடம் இன்னும் கொஞ்சம் சூடா இருந்துச்சு. ஒண்ணு அடிச்சேன். அது முழுசா அடங்குற வரைக்கும் நின்னேன். அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பக்கம் இருந்து டாக்டரோட பந்து மஞ்சைக் கிழிச்சுக்கிட்டு வந்து கிரீன் ஓரமா விழுந்துச்சு. நான் பையைத் தள்ளிக்கிட்டு நீலத் தொப்பிக்குப் பின்னால நடக்கேன்.